தொப்பி போட்ட மீன்களும் ஆற்றைத் தாண்டிய தேவாலயமும்

எங்கள் மீன்பிடித் துறைமுகம் கெல்டர்விக்கில் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்துக்குப் போவது பாதி ஆண்டவருக்காக, மீதிப் பாதி தொப்பிக்காக. இது ஊரறிந்த விஷயம்தான், ஆனால் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. ஹெஸ்டர் பைபஸ் அதைச் செப்புத் தகட்டில் கீறி, மை பூசி, தாளில் ஒற்றி, லண்டனில் ஒரு கண்காட்சிச் சுவரில் மாட்டிவிட்டாள். படத்தில் ஜெபக்கூடத்துப் பெஞ்சுகளில் வரிசை வரிசையாக ஹெர்ரிங் மீன்கள் உட்கார்ந்து வாயைப் பிளந்து பாட்டுப் பாடுகின்றன. ஒவ்வொரு மீனுக்கும் தலையில் ஒரு தொப்பி. மீன்களெல்லாம் அவள் கனவில் வந்தவை. தொப்பிகள் மட்டும் நிஜம்.

லண்டன் பத்திரிகை ஒன்று 'இதுவும் ஓவியமாம்' என்று கேலி செய்து அந்தப் படத்தை வெளியிட்டது. பத்திரிகை எங்கள் ஊருக்கும் வந்தது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? மூன்றாம் வரிசைப் பச்சைத் தொப்பி யாருடையது, ஓரத்தில் ரிப்பன் வைத்தது யாருடையது என்று ஒரு வாரம் ஊரே கூடிக் கண்டுபிடித்தது. முன்வரிசையில் இருந்த மிகப் பெரிய மீன், நீண்ட இறகு செருகிய தொப்பி போட்டிருந்தது. அந்த இறகைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. கசாப்புக் கடை ஏமஸ் ஜாகரின் மனைவி அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பின்னால் இரண்டு வரிசைக்குப் பிரசங்கியார் தெரிய மாட்டார். அந்த அம்மாள் தொப்பியை ஜெபக்கூடத்து ஏலத்துக்குக் கொடுத்துவிட்டாள். ஏலத்தில் அதை எடுக்க ஆள் இல்லை. அன்றிலிருந்து ஜாகர் வீட்டில் அவருக்குச் சூடான ராத்திரிச் சாப்பாடு கிடைப்பது அபூர்வமாயிற்று. அந்தப் பைபஸ் பெண்ணின் அப்பாவுக்கு மீன் புகைபோட அனுமதி கொடுத்த நகரசபையில் இவரும் இருந்தாராம், அதுதான் குற்றம்.

ஹெஸ்டரின் அப்பா மீனைப் புகையில் வாட்டும் புகைக்கூடத்துக்காரர். ஓக் மரத்தூள் கனன்றுகொண்டிருக்க, மேலே கம்பு கம்பாக மீன்கள் வாயைத் திறந்தபடி தொங்கும். அந்தக் கூடத்துக் கதவில் கரியால் கிறுக்கித்தான் அவள் படம் போடப் பழகினாள். பத்திரிகையை யாரோ அவரிடம் கொண்டுவந்து காட்டியபோது, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"மீன் சரியா இருக்கு" என்றார். ஹெஸ்டருக்கு ஆயுளில் கிடைத்த விமர்சனங்களிலேயே அதுதான் பிடித்தது.

பள்ளி ஆசிரியை ஒருத்தி பிடிவாதம் பிடித்து அவளை லீட்ஸ் ஓவியக் கல்லூரிக்கு அனுப்பியிருந்தாள். அங்கிருந்து லண்டன். ஒரு குளிர்காலம் முழுவதும் பாரிஸில் ஒரு அச்சுக்கூடத்தில், தகட்டில் மெழுகு பூசுவதும், மெழுகை ஊசியால் கீறுவதும், கீறிய இடத்தை அமிலம் அரிக்க விடுவதும், அரித்த பள்ளத்தில் மை நிரப்பித் தாளில் எடுப்பதுமாகக் கழித்தாள். திரும்பி வந்து லண்டனில் சர்ரியலிஸ்டுகளோடு சேர்ந்தாள். கனவில் வருவதை அப்படியே படமாக்குகிறவர்கள் அவர்கள். வாரம் ஒருமுறை ஒரு காப்பிக்கடையில் கூடி, நிஜ உலகத்தை ஒழித்துவிட்டு, பிறகு பில்லை யார் கொடுப்பது என்று சண்டை போடுவார்கள்.

அந்தக் கூட்டத்துத் தலைவன் ஒரு மருத்துவரின் மகன். பிறந்ததிலிருந்து ஒரு காசு சம்பாதித்தறியாதவன். சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் கனவுக்குத் துரோகி என்று ஒருநாள் தீர்மானம் கொண்டுவந்தான். ஹெஸ்டர் அப்போது மாலை வகுப்பு எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் விட்டுட ஆசைதான்" என்றாள் அவள். "ஆனா என் வீட்டுக்காரம்மா இன்னும் நம்ம இயக்கத்துல சேரல. வாடகை நிஜத்துலயே வேணுங்கிறாங்க."

எல்லாரும் சிரித்தார்கள், தலைவன் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் அவளை நீக்கிவிட்டார்கள். கொஞ்ச நாளில் இரண்டாம் உலகப் போர் வந்தது. அவள் குடியிருந்த தெருவில் குண்டு விழுந்தது. அப்பாவும் போய்ச் சேர்ந்தார். ஒரு பெட்டியோடும் ஊசிகளோடும் ஹெஸ்டர் கெல்டர்விக்குக்கே திரும்பி வந்தாள்.

ஊர்த் தொழிற்கல்லூரியின் பின்னறையில் ஒரு பழைய அச்சு இயந்திரம் துருப்பிடித்துக் கிடந்தது. மீன் எண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அதை உயிர்ப்பித்தாள். கல்லூரி அவளைத் தற்காலிக ஆசிரியையாக எடுத்துக்கொண்டது. 'தற்காலிகம்' போர் முடிந்தும் தொடர்ந்தது. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும், திரும்பக் கூப்பிடுவார்களா என்று அவள் காத்திருப்பாள்.

அவள் வகுப்பில் சேர்ந்தவர்கள் ஓவியர்கள் ஆகப் பிறந்தவர்கள் இல்லை. பகலெல்லாம் துறைமுகத்தில் மீன் கீறும் பெண்கள், தபால்காரர் ஒருவர், வேலை ஓய்ந்த கப்பல் சமையல்காரர் ஒருவர். ஹெஸ்டர் முதல் நாள் ஒரு தாளைக் கொடுப்பாள். ஒருவர் தலை வரைந்து மடிக்க வேண்டும், அதைப் பார்க்காமல் அடுத்தவர் உடம்பு வரைய வேண்டும், அதற்கடுத்தவர் கால். பிரித்தால் தபால்காரர் வரைந்த தலை, மீன் கீறும் நெல்லி ஸ்டார் வரைந்த சோபா, சமையல்காரர் வரைந்த வாத்துக்கால். அறையே அதிரச் சிரிப்பார்கள். சிரித்த பிறகு கை பயப்படாது என்பது அவள் கணக்கு.

யாராவது தகட்டைக் கெடுத்துவிட்டு அழாத குறையாக வந்து நின்றால் ஒன்றுதான் சொல்வாள்: "தப்பை உடனே அழிக்காதீங்க. அது எங்க போகணும்ங்குதுன்னு முதல்ல கேளுங்க."

நெல்லி ஸ்டார் இதைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் ரொட்டி கருகினாலும் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவள் புருஷன் வில்ஃப் துறைமுகத் தெருவில் முடிவெட்டும் கடை வைத்திருந்தான். "உன் மிஸ்ஸை ரொட்டி திங்க வரச் சொல்லு" என்பான். ஹெஸ்டருக்கு ஊரில் இருந்த ஒரே நெருங்கிய சிநேகிதி நெல்லிதான்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் நாடு முழுக்கத் திருவிழா. போரின் களைப்பை மறக்க ஊருக்கு ஊர் ஏதாவது செய்ய வேண்டும் என்று உத்தரவு. கல்லூரி முதல்வர் ஃப்யூஸ்டர் ஹெஸ்டரைக் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் பென்சில்களை நீளவாரியாக அடுக்கி வைத்திருக்கும் மனிதர்.

"மிஸ் பைபஸ், கல்விக் குழு ஒரு படம் கேக்குறாங்க. நம்ம துறைமுகம். ஊர்ல எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் மாட்டணுமாம்."

"சந்தோஷமா செய்றேன், சார்."

"ஊர் எப்படி இருக்கோ அப்படி. புரியுதா? வீடு வீடா இருக்கணும், படகு படகா இருக்கணும்."

"மீன்?"

"மீனே கூடாது" என்றார் ஃப்யூஸ்டர். பிறகு ஒரு பென்சிலை நேராக்கினார். "மறைக்காம சொல்லிடறேன். உங்க அறையைத் தட்டச்சு வகுப்புக்குக் கேக்குறாங்க. அந்த இரும்பு யந்திரத்தை எடைக்குப் போடலாம்னு எனக்கும் யோசனை. குழுத் தலைவர் ஜாகர் இந்தப் படத்தைப் பாத்து ஒப்புக்கிட்டா அறையும் உங்களுக்கு, வேலையும் நிரந்தரம். இல்லேன்னா செப்டம்பர்ல நீங்க வர வேண்டியதில்ல."

ஜாகர் என்ற பெயரைக் கேட்டதும் ஹெஸ்டருக்கு அந்த இறகுதான் கண்முன் வந்து ஆடியது. இத்தனை பேர் இருக்க, முடிவு போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்! நாற்பத்து நாலு வயசு. இன்னொரு ஊர், இன்னொரு இயந்திரம், இன்னொரு நெல்லி என்று தேடிப் போகத் தெம்பு இல்லை. அவள் வெளியே வந்து மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் இறங்கினாள்.

அந்த வசந்தம் முழுவதும் அலைத்தடுப்பின் மேல் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, மெழுகு பூசிய தகட்டை மடியில் வைத்து, ஊரைப் பார்த்துப் பார்த்துக் கீறினாள். போகிறவன் வருகிறவன் எல்லாம் எட்டிப் பார்த்தான்.

"இன்னிக்கு எந்த மீனுக்கு ஞானஸ்நானம், மிஸ்?"

"எங்க வீட்டுக் கூரைல பல்லு கில்லு முளைக்க வச்சிராதீங்க!"

ஹெஸ்டர் சிரித்துக்கொண்டே கீறினாள். இடது கரைக் குன்றின் மேல் தேவாலயம். வலது கரையில் சந்தை, நகரசபை, ஜாகர் கடை. நடுவில் ஆறு, அதன் மேல் பாலம், கட்டிய படகுகள். ஒவ்வொரு புகைபோக்கியையும் எண்ணி வைத்தாள். கடைப் பலகைகளையும் படகுப் பெயர்களையும் தகட்டில் திருப்பி எழுதினாள். அச்சில் எல்லாம் இடம் வலமாகும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி, அதனால் எழுத்தைத் திருப்பி எழுதக் கை தானாகப் பழகியிருந்தது. ஊரையும் திருப்ப வேண்டும் என்று மட்டும் அந்தக் கைக்கு யாரும் சொல்லவில்லை. இருபது வருஷமாகக் கனவுகளையே கீறிய கை அது. கனவில் தொப்பி போட்ட மீன் இடப்பக்கம் உட்கார்ந்தால் என்ன, வலப்பக்கம் உட்கார்ந்தால் என்ன? யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

சோதனைக்கு ஒரு தாள் எடுத்துப் பார்த்தபோதும் அவள் கருமை சரியாக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்த்தாள். தகட்டையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருந்தன. இருபது வருஷமாக அப்படித்தானே இருக்கிறது? திருப்தியாகக் கொடியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

குழு வர வேண்டிய காலையில், தாள்களை ஈரப்படுத்திக் கொடுக்க நெல்லி வந்தாள். கோட்டைக் கழற்றியவள் கொடியைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"மிஸ்... நம்ம கோயில் எப்ப ஆத்தைத் தாண்டுச்சு?"

"என்ன நெல்லி?"

"கோயில் சந்தைப் பக்கம் நிக்குது. சந்தை கோயில் பக்கம் நிக்குது. என் வீட்டுக்காரர் கடையே அக்கரைக்குப் போயிருச்சு!"

ஹெஸ்டர் திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் மை டப்பாவைக் கீழே வைக்கப் போய் மேஜை விளிம்பில் வைத்தாள், அது விழுந்து உருண்டது. கத்துக்குட்டிப் பையன்கள்கூட முதல் வருஷத்தில் செய்கிற தப்பு. அவள் தன் மாணவர்களில் ஒருவரைக்கூடச் செய்ய விட்டதில்லை.

"இன்னொரு தகடு பண்ண முடியாதா?"

"வாரக்கணக்காகும்."

"அப்ப மயக்கம் போட்டு விழுங்க. நான் தண்ணி தெளிக்கிறேன். அவங்க பயந்து போயிருவாங்க."

"எழுந்ததும் படத்தைக் கேப்பாங்களே, நெல்லி."

நெல்லி டப்பாவை எடுத்துத் துடைத்து வைத்தாள். "நீங்கதானே சொல்வீங்க, தப்பு எங்க போகணும்ங்குதுன்னு கேளுங்கன்னு."

"அது உங்களுக்குச் சொல்றது!" என்று கத்திவிட்டாள் ஹெஸ்டர். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

ஃப்யூஸ்டர் முன்னால் வந்தார். பின்னால் குழு உறுப்பினர்கள். கடைசியில் ஜாகர், அந்தக் கதவுக்குள் நுழையவே கூசுகிறவரைப் போல, தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு. தடித்த கழுத்து, சிவந்த முகம். நெற்றியில் வேர்த்திருந்தது. ஹெஸ்டர் தன் பயத்திலும் அதைக் கவனித்தாள்: இந்த மனிதர் நம்மைவிடப் பயந்திருக்கிறார்.

நெல்லி முதல் வேலையாகக் கொடியில் கிடந்த தாளை உருவிச் சுருட்டிவிட்டாள். ஹெஸ்டர் தகட்டுக்கு மை பூசினாள். வலைத்துணியால் துடைத்தாள். ஈரத் தாளை மேலே வைத்து, கம்பளியைப் போர்த்தி, சக்கரத்தைச் சுற்றினாள். கம்பளியை விலக்கி, தாளின் மூலையைப் பிடித்து மெல்ல உரித்து மேஜைமேல் விரித்தாள். எல்லாரும் குனிந்தார்கள்.

ஜாகர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒவ்வொரு ஜன்னலாக, ஒவ்வொரு புகைபோக்கியாக விரலால் தடவாத குறை. படகுகளுக்குள் பார்த்தார். பாலத்துக்கு அடியில் பார்த்தார்.

"மீன் இல்ல" என்றார்.

"இல்ல, சார்."

"தண்ணிக்குள்ள?"

"இல்ல, சார்."

"தொப்பி?"

"ஒண்ணுகூட இல்ல."

ஜாகர் விட்ட பெருமூச்சில் தாளின் ஓரம் படபடத்தது. "நல்லாயிருக்கு! ரொம்ப நல்லாயிருக்கு! இதோ பாருங்க, என் கடைப் பேருகூடப் படிக்க முடியுது!" மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவர் கழுத்தைச் சாய்த்து, ஏதோ ஒன்று உறுத்துகிறது, என்ன என்று தெரியவில்லை என்பதுபோல் பார்த்தார். ஆனால் மீன் இல்லாத மகிழ்ச்சியில் அவரும் தலையாட்டினார். ஃப்யூஸ்டரின் முகம் மட்டும் தொங்கியது.

நெல்லி ஹெஸ்டரின் முதுகில் ஒரு விரலால் குத்தினாள். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். அறை பிழைத்தது, வேலை பிழைத்தது. சும்மா நின்றால் போதும்.

ஹெஸ்டரால் முடியவில்லை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக, ஒரு குழந்தை எழுந்து நின்று, "டீச்சர், கோயில் அந்தப் பக்கம் இல்ல" என்று சொல்லும். டீச்சர், "பெரியவங்க வரஞ்சது, சும்மா உக்காரு" என்பாள். அந்தக் குழந்தைக்குத் தன் கண்மேலேயே சந்தேகம் வந்துவிடும். மீனுக்குத் தொப்பி வைத்தபோது அவள் யாரையும் ஏமாற்றவில்லை. இது ஏமாற்று.

"சார், இது தப்பா இருக்கு" என்றாள். "ஊர் இடம் வலமா திரும்பியிருக்கு. நான் திருப்பிக் கீறியிருக்கணும், மறந்துட்டேன். இத்தனை வருஷமா நான் வரஞ்சதுக்கெல்லாம் இடமும் கிடையாது வலமும் கிடையாது. அந்தப் பழக்கம்."

ஜாகர் மறுபடி குனிந்தார். தேவாலயத்தில் விரலை வைத்தார். ஜன்னல் வழியே நிஜத் தேவாலயத்தைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"நான் அப்பவே நினைச்சேன்" என்று ஃப்யூஸ்டர் ஆரம்பித்தார்.

"நினைச்சீங்களா? சொல்லலியே" என்றார் ஜாகர், தலையைத் தூக்காமலே. பிறகு ஹெஸ்டரைப் பார்த்தார். "ஏம்மா, அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், சார்."

"வேற எதுவும் ஒளிச்சு வைக்கலியே? என் சம்சாரத்தோட ஜாடைல மேகம் கீகம்?"

"சத்தியமா இல்ல."

ஜாகருக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. கோட்டுப் பொத்தான்கள் ஆடின. "அம்மாடி! நேத்து ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல. இன்னொரு தொப்பி வந்தா வீட்டுக்குப் போக முடியாது, எங்கேயாவது கப்பல்ல ஏறிட வேண்டியதுதான்னு இருந்தேன். கடைசில இதுதானா!"

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். அந்த மனிதருக்கு அன்றைக்கு வந்ததும் போனதும் தொப்பிதான்.

"ஆனா இது தப்பான படம், சார்" என்றார் ஃப்யூஸ்டர் விடாமல்.

"தப்புதான். ஆனா எல்லாத்துலயும் ஒரே மாதிரி தப்பு. நம்ம நகரசபை வேலைல அந்த ஒழுங்கைக்கூட நான் பாத்ததில்ல."

அந்த நேரத்தில்தான் நெல்லிக்கு யோசனை வந்தது. கைப்பையைக் கிளறி, மூடியில் கண்ணாடி பதித்த பவுடர் டப்பாவை எடுத்துத் திறந்தாள். "ஐயா, இப்படித் திரும்பி நின்னு, இந்தக் கண்ணாடில பாருங்க."

ஜாகர் மேஜைக்கு முதுகைக் காட்டி, அந்தச் சின்னக் கண்ணாடியைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்தார். கண்ணாடிக்குள் தேவாலயம் தன் குன்றுக்குத் திரும்பியிருந்தது. சந்தை தன் கரையில் இருந்தது.

"அட, ஊர் நேராயிருச்சு! ஐயோ, என் பேரு திரும்பிருச்சே!"

அவ்வளவுதான். கண்ணாடி கைமாறியது. கோட்டும் பதவிச் சங்கிலியும் போட்ட பெரிய மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி நின்று, "ஏய், எனக்குக் காட்டு", "தள்ளய்யா, என் வீட்டைக் காணோம்" என்று பள்ளிப் பிள்ளைகளாகி அடித்துக்கொண்டார்கள். மூக்கில் பவுடர் ஒட்டியிருப்பதுகூட ஜாகருக்குத் தெரியவில்லை.

"மாட்டுங்க" என்றார் அவர். "எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் மாட்டுங்க. கீழே ஒரு கண்ணாடியும் தொங்கட்டும். எங்க சின்ன வயசுல சுவத்துல இருந்த படத்தை எவன் ரெண்டாந்தரம் பாத்தான்? இதைப் பாப்பாங்க."

அவர்கள் போன பிறகு ஹெஸ்டர் இயந்திரத்தின் குளிர்ந்த இரும்பில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். இனிக் கோடைதோறும் காத்திருக்க வேண்டியதில்லை. உடம்பிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கிவிட்டது போலிருந்தது. நெல்லி தேநீர் போடப் போனாள்.

எங்கள் ஊர்க் குழந்தைகள் இடம் எது, வலம் எது என்று கற்றுக்கொண்டது அந்தத் தப்பான படத்தில்தான். ஹெஸ்டர் ஓய்வு பெறும்வரை அந்த அறையிலேயே இருந்தாள். கனவுகளுக்குத் திரும்பி, தேநீர்க் கெட்டிலுக்குள் குடியிருக்கும் கலங்கரை விளக்கம், பாலத்தைக் குடையாகப் பிடித்துப் போகும் ஆறு என்று நிறையக் கீறினாள். லண்டனில் அவளை நீக்கியவர்களே பின்னாளில் அழைத்துக் கண்காட்சி வைத்தார்கள். போய் வந்து, "காப்பி இன்னும் மோசமாத்தான் இருக்கு" என்றாள். திருமதி ஜாகர் மட்டும் கடைசிவரை அவளோடு பேசவில்லை. ஆனால் சாவதற்கு முந்திய வருஷம், அந்த மீன் படத்தின் ஒரு பிரதியை ஆள் வைத்து ரகசியமாக வாங்கினாள் என்று ஊரில் பேச்சு.

துறைமுகப் படத்தின் ஒரு பிரதியை வில்ஃப் தன் கடையில், பெரிய கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தான். முடிவெட்ட உட்காருகிறவருக்குக் கண்ணாடிக்குள் ஊர் நேராகத் தெரியும். எழுபது கடந்த பிறகு ஹெஸ்டர் தன் தலைமுடியையும் அங்கேதான் வெட்டிக்கொண்டாள்.

ஒருநாள் வில்ஃப் கத்தரியை நிறுத்தினான். "என்ன மிஸ், உங்களுக்கு நீங்களே சிரிச்சுக்கிறீங்க?"

கண்ணாடிக்குள் தேவாலயம் குன்றின் மேல் இருந்தது. பாலம், சந்தை, படகுகள், எல்லாம் அதனதன் இடத்தில். அவற்றுக்கு நடுவே வெள்ளைத் துணி போர்த்திய அவள் முகம்.

"ஊர் சரியாத்தான் இருக்கு, வில்ஃப்" என்றாள். "இதுல திரும்பியிருக்கிறது நான் ஒருத்திதான்."

"வகிட்டை மறுபக்கமா திருப்பி விடட்டுமா?"

"வேண்டாம், இப்படியே இருக்கட்டும்" என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "நீ வெட்டு."